மூச்சுள்ள ஆள்

தொண்ணூற்றொன்று மே மாதத்துக்குப் பிறகு, இந்தப் பக்கத்து ஆட்களிடம் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே போதும். மேற்கொண்டு வழி சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பு அப்படி இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஒரகடம் ரோட்டில் எந்த பஸ், எந்தப் புளியமரத்தடியில் இறங்குவது என்றெல்லாம் விளக்க வேண்டும். ரத்னாவின் வீட்டில் நடந்தது அந்த மே மாதத்துக்கு முன்னால். பொங்கல் முடிந்த கையோடு தொடங்கியது. வளைகுடாவில் சண்டை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ரத்னா சுள்ளி எரித்துத்தான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள். வீட்டுக்கு மட்டுமில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்து.

அவள் புருஷன் கோதண்டம் ஒரு காலத்தில் பெரிய ஓட்டக்காரர். கல்யாணத்துக்கு முன்பே தமிழ்நாட்டுக்காக ஓடியவர், பாட்டியாலாவில் இந்தியா கேம்ப்பில் தங்கிவிட்டு வந்தவர். பத்தாயிரம் மீட்டரும் கிராஸ் கண்ட்ரியும் அவருடையது. ரோட்டிலும் மைதானத்திலும் ஓடுகிறவன் ஓட்டக்காரனில்லை, மேடு பள்ளம் வரப்பு சேறு என்று எது வந்தாலும் ஒரே மூச்சில் போகிறவன்தான் ஓட்டக்காரன் என்பார். அந்த ஓட்டத்துக்காகத்தான் மறைமலை நகரிலிருந்த ஒரு வார்ப்படக் கம்பெனி அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வயதாகி ஓட்டம் நின்ற பிறகு, வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஒரகடம் ஏரிக்கரையில் பிள்ளைகளைப் பழக்கினார். பையன்களும் பெண் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

ரத்னா கஞ்சித் தூக்கோடு கரை ஏறும்போது பிள்ளைகள் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். பனி இன்னும் தண்ணீர் மேல் கிடந்தது. கோதண்டம் மதகுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். போன வருஷம் வரை அவர் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடுவார். ஆடி மாதத்தில் சைக்கிளில் பின்னால் வரத் தொடங்கினார். தீபாவளிக்குப் பிறகு சைக்கிளையும் மிதிப்பதில்லை, மதகடியிலேயே நின்றுகொள்கிறார். கத்திச் சொல்லவும் வரவில்லை. அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கடைசி நேரத்தில் எப்போது வேகத்தைக் கூட்டுவது என்று அவர்தான் சொல்வார், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி. கை ஏறாமல் எவனும் வேகமெடுக்கக் கூடாது.

கை ஏறியது. கூட்டத்தின் நடுவில் கிடந்த வெங்கடேசன் கயிறு அறுத்துவிட்ட மாதிரி கிளம்பினான். பதினெட்டு வயது. காலில் செருப்புகூடக் கிடையாது. மற்றவர்களைப் பின்னால் விட்டு மதகைத் தாண்டி வந்து, குனியாமல், இடுப்பில் கை வைக்காமல் நின்றான். அது மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. ஓடி முடித்தவன் குனிந்தால் அடுத்த தடவை எதிராளிக்குத் தைரியம் வந்துவிடும்.

"இன்னா மாஸ்டர், இன்னிக்கு லேட்டா தூக்கினீங்க கைய. உள்ள இன்னும் எம்மாம் மூச்சு மீதி கீது தெரியுமா."

"மீதி வெக்கணும்டா. எல்லாத்தியும் காட்டுனா அப்பால இன்னா பண்ணுவ."

"நீங்களும் ஒரு ரவுண்டு வாங்களேன். பாத்து எம்மாம் நாளாச்சு."

"நான் வந்தா உன் மானம் பூடும். போ, போய் கஞ்சி குடி."

அமலா என்கிற பெண் தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, வெல்லம் ஜாஸ்தி போட்டீங்களா? நேத்து கண்ணுலயே தெரியல."

"கம்பெனில குடுக்கறத்ததானே போடறேன். உங்க மாஸ்டர கேளு."

கம்பெனியில் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்டுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். தின்றால் தொண்டையில் இறங்கின தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. கோதண்டம் அதைத் தின்னாமல் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஓடுகிற பிள்ளைக்கு இனிப்பு வேணும் என்பார்.

பிள்ளைகள் கலைந்து போன பிறகு ரத்னா தூக்கைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடிக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோளும் முதுகும் பழையபடி நேராகத்தான் இருந்தன. கால் விழுவதும் அதே அழகு. முதல் பனைமரம் வரை போனார். அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவர் குனிந்தார்.

அவள் ஓடிப் போனாள். நெஞ்சுக்குள் யாரோ முறம் புடைக்கிற மாதிரி சத்தம் வந்தது.

"இன்னாங்க இது. யாரு ஓடச் சொன்னா உங்கள."

அவர் கையைக் காட்டினார், பொறு என்று. வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"ஃபார்ம் போச்சு ரத்னா. வேற ஒண்ணியும் இல்ல. ஒழுங்கா ஓடாம வுட்டா நுரையீரல் சுருங்கிக்கும். மறுபடியும் ஓடி ஓடித்தான் விரிக்கணும். ஆரம்பத்துல எனக்கு இப்டித்தான் வாங்கும், சின்னப் பையனா இருக்க சொல்ல."

அதுதான் அந்த வீட்டில் நடந்த தப்பு. வேறு எந்த வீட்டிலாவது ஆணுக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போவான். இங்கே மூச்சு வாங்குவதே தொழிலாக இருந்த மனிதர். மூச்சு வாங்கினால் பயிற்சி பத்தவில்லை என்று அர்த்தம். இருமினால் பனி. மெலிந்தால், நல்லதாயிற்று, ஓட்டக்காரனுக்கு எடை எதற்கு. ரத்னாவும் பால்வாடியில் ஐந்தாறு வருஷம் டீச்சராக இருந்தவள், பேப்பர் படிக்கிறவள். இருந்தும் அந்தப் பேச்சை நம்பிக்கொண்டுதான் ஆடியிலிருந்து தை வரை ஓட்டிவிட்டாள்.

பனைமரத்தடியில் அவர் குனிந்ததைப் பார்த்த பிறகு நம்பவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டி அவரைத் தாம்பரத்துக்கு ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனாள். படப்பை வழியாகப் போகிற பஸ்ஸில், மணிமங்கலம் பிரிகிற இடம் வந்தபோது, கோதண்டம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார்.

"இங்கதான் மாசில ஜில்லா போட்டி. ஏரிக்கரை ஏறி, அறுத்த வயல்ல எறங்கி, திரும்ப ஸ்கூல் கிரவுண்டு. வெங்கடேசனுக்குன்னே போட்ட ரூட்டு. கால்ல நெல்லுத் தாளு குத்தும், அவனுக்கு அதெல்லாம் ஒறைக்காது."

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இளவயசுக்காரர். பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ரன்னர் சார்."

"ரன்னர்னா?"

"லாங் டிஸ்டன்ஸ் சார். பத்தாயிரம் மீட்டர், கிராஸ் கண்ட்ரி. இப்ப கோச்சிங் குடுக்கறேன்."

போன வருஷம் கம்பெனி டாக்டரிடமும் இதையேதான் சொல்லியிருந்தார். அவர் நாடி பிடித்துப் பார்த்து, உனக்குக் குதிரை நெஞ்சுய்யா, உனக்கெல்லாம் நான் எதுக்கு என்று சிரித்து, இருமல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இந்த டாக்டரும் புருவத்தைத் தூக்கினார். ஓடுகிற ஆளுக்கு ஏன் நெஞ்சு இப்படி இருக்கிறது என்று புரியவில்லை போலிருக்கிறது. டி.பி. உண்டா, பீடி உண்டா என்று கேட்கத் தொடங்கினார்.

"சார்," என்றாள் ரத்னா. "வார்ப்படக் கம்பெனில இருக்காரு. மணல் ரூம்ல."

"அது என்னம்மா?"

கோதண்டம்தான் சொன்னார், அது ஒரு பெரிய விஷயமில்லை என்பது போல. அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு கரடுமுரடாக இருக்கும். மூடின ரூமுக்குள் நின்று, கம்ப்ரஸர் காற்றில் மணலைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்தால் பளபளவென்று ஆகிவிடும். கான்வாஸ் துணியில் தலைமூடி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே எதிரில் நிற்கிற ஆள் தெரியாது.

"எத்தனை வருஷமா?"

"ஓட்டம் நின்னதுலருந்து சார். எட்டு ஒம்போது வருசம் இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கோதண்டத்தைப் பார்க்காமல் ரத்னாவைப் பார்த்தே பேசினார். மணல்தூள் உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிட்டது. தங்கின இடமெல்லாம் தழும்பு. அது வெளியே வராது, கரையாது. மருந்து கிடையாது. வேலையை விட்டால் அதோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். விடாவிட்டால் சீக்கிரம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் குடித்தார்கள். ரத்னாவுக்கு இறங்கவில்லை. கோதண்டம் கிளாஸை ஊதி ஊதிக் குடித்தார்.

"அந்தாளு எக்ஸ்ரேவப் பாத்தாரு. என்ன எங்க பாத்தாரு."

"இன்னும் இன்னா பாக்கணும்னு சொல்றீங்க?"

"ஓட வுட்டுப் பாக்கணும்."

ரோட்டைத் தாண்டும்போது அவர் பழக்கத்தில் ரெண்டு எட்டு ஓடப் பார்த்தார். ஓட முடியாமல் நடுரோட்டில் நின்றார். லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் ஸ்கூட்டரில் வந்தார். கம்பெனியில் சூப்பர்வைசர், விளையாட்டுக் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். பழைய கால்பந்துக்காரர், தொப்பையும் கனத்த குரலும். கோதண்டத்தை வேலைக்கு எடுத்ததும் அவர் சிபாரிசில்தான். அதனால் அந்த வீட்டில் அவருக்கு நல்ல நாற்காலி. ரத்னா கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் செய்திருந்தாள். அவர் கூச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"சொல்லுமா தங்கச்சி. ஆள் வுட்டு அனுப்ச்சியாமே."

ரத்னா எக்ஸ்ரேவைக் காட்டவில்லை. காட்டினால் வேலைக்கே லாயக்கில்லை என்று கணக்கு முடித்துவிடுவார்களோ என்று பயம். மூச்சு வாங்குகிறது, வயதாகிறது, வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தால் புண்ணியம் என்று மட்டும் சொன்னாள்.

"அவ்ளோதானா? இதுக்கா நீ இம்மாம் தயங்கற. ஸ்டோர்ஸ்ல குந்த வெச்சுடறேன். ஃபேன் கீது, நாற்காலி கீது. ராஜா மாதிரி குந்திகினு நட்டு போல்ட்டு எண்ணட்டும்."

ரத்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மெய்யாலுமா சார்?"

"ஆனா ஒண்ணு. மணல் ரூமுக்கு ஆள் வேணும். அங்க கண்டவன நிக்க வெக்க முடியாது. ரெண்டு நாள்ல ஓடிடுவான். மூச்சுள்ள ஆளா வேணும். அதுக்குத்தானே உன் வூட்டுக்காரரையே அங்க போட்டேன். இவருக்கு மின்னாடி ராஜாமணி. கபடில பாடிகினு போனான்னா திரும்பி வர்ற வரைக்கும் மூச்சு வுடமாட்டான். ஸ்போர்ட்ஸ்காரன் நெஞ்சு தாங்கும்." கையைக் கழுவிக்கொண்டே கோதண்டத்தைப் பார்த்தார். "உன்னாண்ட ஒரு பையன் கீறானே. வெங்கடேசன். மணிமங்கலத்துல அவன் மூணாவதுக்குள்ள வந்துட்டான்னா நேரா எடுத்துக்கறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா, கேள்வி கேக்க ஆளு கெடையாது. அவன் உள்ள, நீ ஸ்டோர்ஸ். இன்னா சொல்ற?"

கோதண்டம் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"வேற பையன் இல்லியா சார்?"

"ஏம்பா, உன் பையனுக்கு நல்லது பண்ணலாம்னா வேற பையன தேடச் சொல்ற?"

ஸ்கூட்டர் போன பிறகும் அவர் அந்தத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ரத்னா தட்டை எடுக்க வந்தாள்.

"ராஜாமணி பீடி குடிக்க மாட்டான்," என்றார்.

"யாரு?"

"கபடி ராஜாமணி. அவன் செத்தப்ப டி.பி.ன்னாங்க. பீடி குடிச்சுக் குடிச்சு நெஞ்சு அரிச்சுப்போச்சுன்னாங்க. நான்தானே பாடைல ஒரு பக்கம் தோள் குடுத்தேன். நானும் ஆமான்னேன். அவன் ஒரு நாள்கூட பீடி குடிச்சு நான் பாத்ததில்ல."

மறுநாளிலிருந்து அவர் தனியாக ஓடுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் சொல்லி நம்பாததை, செத்துப்போன ராஜாமணி சொல்லி நம்பினார். நம்பிய பிறகு ஒரே மாதத்தில் பத்து வயது கூடினாற்போல் ஆனார். மகள் ரஞ்சனி, அப்பா ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று கேட்டாள். அதுவரை நெஞ்சில் ஏதோ ஒன்று அவரை ஏமாற்றி நிமிர்த்தி வைத்திருந்தது போல.

வெங்கடேசனின் அம்மா சந்திரம்மாள் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தாள். புருஷன் கல் குவாரியில் உழைத்தே செத்துப்போய் நாளாகிறது. தணிகாசலம் தருவதாகச் சொன்ன வேலை அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. ரத்னா வரப்பில் நடந்து அவளைத் தேடிப் போனாள். வெயில் ஏறியிருந்தது. பிடுங்கின செடிகளைப் பரப்பி வைத்து, நாலைந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ரத்னாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஆயத் தொடங்கினாள். சும்மா உட்கார்ந்து பேச அது இடமில்லை.

"சந்திரக்கா, வெங்கடேசன் வேல விசயமா வந்தேன்."

"வா வா. நீ சொல்லித்தானே நடக்குது. சாமிக்கு அடுத்து உங்க வூடுதான்மா எங்களுக்கு."

"அந்த வேல வேணாங்க்கா."

சந்திரம்மாளின் கை நிற்கவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன. ரத்னா எக்ஸ்ரேவைப் பற்றிச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், ராஜாமணியைச் சொன்னாள். இன்னொரு பெண், "அய்யய்யோ" என்றாள். சந்திரம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரத்னா. நீ இன்னா கட்டியிருக்க?"

"இன்னாக்கா?"

"பொடவை. சொல்லு, யாரு எடுத்துக் குட்த்தது? அந்த ரூம்ல சம்பாதிச்சதுதானே. ஓடு போட்டது, பொண்ண கான்வென்ட்ல சேத்தது, எல்லாம் அதுலதானே."

"ஆமாங்க்கா. அதான் சொல்றேன், அவருக்கு இப்ப..."

"அவருக்கு வயசாச்சு. எங்க வூட்டுக்காரரு கல்லு ஒடச்சு ஒடச்சு முப்பத்தாறுல பூட்டாரு. ஃபேன் போட்டு குந்தினவன் யாராவது எங்க ஜனத்துல கீறானா? எதுல போனாலும் இப்டித்தான் போறோம். மாசா மாசம் சம்பளம் வாங்கிகினு போனா இன்னா கெட்டுப்பூடும்?" கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். குரல் தணிந்தது. "வேற யாருக்காவது அந்த வேலைய சொல்லி வெச்சிருந்தா நேரா சொல்லிடுமா. உங்க அண்ணன் பையன் ஒருத்தன் சும்மா சுத்திகினு கீறான்னு கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்ல."

ரத்னா கையில் ஆய்ந்து வைத்திருந்த காயைச் சந்திரம்மாளின் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். சந்திரம்மாள் அதைப் பார்த்து, ஒரு பிடி காயை அள்ளி ரத்னாவின் முந்தானையில் போட்டாள். "ரஞ்சனிக்கு வேவிச்சுக் குடு," என்றாள். கோபமில்லை என்று காட்டுவதற்காக.

வெங்கடேசனிடம் கோதண்டமே சொன்னார். கரையில், மற்றவர்கள் போன பிறகு. அவன் கஞ்சிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க எம்மாம் வருசம் நின்னீங்க மாஸ்டர்?"

"ஒம்போதுன்னு வெச்சுக்கோ."

"நான் ஒரு வருசம் நிக்கறேன். அப்பால தணிகாசலம் சார் கைல கால்ல வுழுந்து மாத்திக்கறேன். ஒரு வருசத்துல இன்னா ஆயிடும்? எனக்கு மூச்சு மீதி கீதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"மாத்த மாட்டாங்கடா. நல்லா நிக்கறவன எவன் மாத்துவான்."

"உங்கள மாத்தறாங்களே."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது, சொல்ல முடியாது. உன்னைப் போட்டால்தான் என்னை எடுப்பார்கள் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் அவன் அடுத்த நிமிஷமே சரி என்பான். மாஸ்டருக்காக என்று சொல்லிக்கொண்டு இன்னும் சந்தோஷமாகப் போவான். வீட்டுக்கு வந்து அதைத்தான் ரத்னாவிடம் சொன்னார்.

"அப்ப இன்னா பண்றது?" என்றாள்.

"மூணாவதுக்குள்ள வரலைன்னா வேல கெடையாது."

"அவன் வருவானே."

"நான் கை தூக்குனாத்தானே வருவான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் மணல் ரூமில் இவர்தான் தொடர்ந்து நிற்க வேண்டும். அன்று சோறு வடித்து, ரசம் வைத்து, மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மணிமங்கலத்தில் போட்டியன்று வானம் மூடியிருந்தது. ஓடுவதற்கு அதைவிட நல்ல நாள் இருக்காது. பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, சவுக்குக் கழிகளில் சிவப்புத் துணி, மைக்கில் யாரோ ஒன் டூ த்ரீ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்துப் பையன்கள் முள் வைத்த ஷூ போட்டிருந்தார்கள். தணிகாசலம் கூலிங் கிளாஸும் வெள்ளைச் சட்டையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தார். கோதண்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

கோதண்டம் மைதானத்தில் நிற்கவில்லை. வயல் முடிந்து ரோடு ஏறுகிற திருப்பத்துக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கடைசி அரை மைல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரத்னா பின்னாலேயே போனாள். வழியில் மூன்று இடத்தில் நின்றார். திருப்பத்துக்கு வந்ததும் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தூரத்தில் ஏரிக்கரை மேல் தலைகள் தெரிந்தன. இறங்கி, அறுத்த வயலுக்குள் வந்தன. ஷூ போட்டவர்கள் தாள் மேல் தடுமாறி, வரப்பைத் தேடித் தேடிக் கால் வைத்தார்கள். முன்னால் நெட்டையான ஒருவன். அவனுக்குப் பின்னால் மூன்று பேர். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு வெங்கடேசன். அவன் வரப்பைத் தேடவில்லை. தாளை மிதித்துக்கொண்டு நேராக வந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வாய் லேசாகத் திறந்து, வயிறு ஏறி இறங்கி, கடிகாரம் மாதிரி.

"அப்டியே வரட்டும்," என்று கோதண்டம் மெதுவாகச் சொன்னார். ரத்னாவிடம் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. "அப்டியே அஞ்சாவதா வந்து போவட்டும்."

வெங்கடேசன் திருப்பத்தை நெருங்கினான். அவன் கண் ரோட்டில் இல்லை, மாஸ்டர் மேல் இருந்தது. முன்னால் போன நாலு பேரில் இரண்டு பேர் தளர்ந்துவிட்டார்கள். ஓட்டம் தெரியாத ரத்னாவுக்கே அது தெரிந்தது. ஒருவன் தலை பின்னால் சாய்ந்துவிட்டது. இன்னொருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இப்போது அடித்தால் விழுந்துவிடுவார்கள். இன்னும் நாலு எட்டு தாமதித்தால் முடியாது.

ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கோதண்டத்தின் விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு வலது கை பிடியை விட்டது. மெல்ல, காற்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, தலைக்கு மேல் ஏறியது. ரத்னா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

பையன் பறந்தான்.

இரண்டாவதாக வந்தான். மைக்கில் பேரைச் சொன்னார்கள். தணிகாசலம் மேடையை விட்டு இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார் என்று பிறகு அமலா சொன்னாள். இவர்கள் அதைப் பார்க்கவில்லை. திருப்பத்திலேயே, ரோட்டோரம், சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடக்கணும்னுதான் புடிச்சிகினு நின்னேன்," என்றார். "ஓட்டத்த பாத்துட்டேன் ரத்னா. ரெண்டு பேரும் செத்துட்டாங்க மின்னாடி, பாத்தியா? அந்த நேரத்துல வேற ஒண்ணியும் ஞாபகத்துல இல்ல. நீ, நான், கம்பெனி, எதுவும் இல்ல."

அவர் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

தணிகாசலம் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே ஸ்டோர்ஸில் நாற்காலி போட்டுக் கொடுத்தார், ஃபேனுக்குக் கீழே. கோதண்டம் அதில் உட்கார்ந்தது அந்த வருஷத்து மழைக்காலம் வரைக்கும்தான். ஆனால் அது பிறகு.

வேலையில் சேருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் சந்திரம்மாளும் வெங்கடேசனும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துண்டு. பையன் முடி வெட்டி, புது பேண்ட் போட்டிருந்தான். பேண்ட் நீளமாக இருந்ததால் கீழே மடித்துவிட்டிருந்தான். சந்திரம்மாள் ரத்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே என்றாள். ரத்னா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

வெங்கடேசன் குனிந்து மாஸ்டரின் காலைத் தொட்டான். கோதண்டம் அவனைத் தூக்கி, தன் எதிரில் தரையில் குந்த வைத்தார்.

"கேளு. தலமூடிக்கு உள்ள ஈரத் துண்ட ரெண்டா மடிச்சு மூக்கு வாய் சேத்துக் கட்டு. காஞ்சா நனைச்சுக்கோ. சோம்பேறித்தனம் பண்ணாத."

"சரி மாஸ்டர்."

"மணல் ஹோஸ மூடுன ஒடனே மத்தவன் உள்ள ஓடுவான், பீஸ் மாத்தறதுக்கு. நீ ஓடாத. வெளிய நில்லு. தூசி அடங்கட்டும். சூப்பர்வைசர் கத்துவான். கத்தட்டும்."

"தணிகாசலம் சாரா? அவரு என்ன கத்த மாட்டாரு மாஸ்டர். தம்பின்னுதான் கூப்பிடறாரு."

"கத்துவாரு. உள்ள பேசாத. பாடாத. விசிலடிக்காத. அப்பால, மூச்சு." நிறுத்தினார். சுவரில் கை ஊன்றி, தன் மூச்சு சேருகிற வரை பொறுத்தார். "நான் இன்னா சொல்லிக் குட்த்தேன்?"

"வயித்தால இழுக்கணும். வாயும் மூக்கும் சேத்துத் தொறக்கணும். அடிவரைக்கும் ரொப்பணும். முழுசா வுடணும்."

"அத்த மறந்துடு."

வெங்கடேசன் சிரித்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சிரிக்காதடா. மேலாக்க இழு. நெஞ்சோட நிறுத்திக்கோ, வயித்துக்கு வுடாத. எம்மாம் கம்மியா இழுக்க முடியுமோ அம்மாம் கம்மி. ஒரு நாளைக்கு ஒரு துளி தூசி உள்ள போவாம நிறுத்துனாக்கூட லாபம். எங்க, செஞ்சு காட்டு."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினான். மூச்சை இழுத்தான். தோள் அசையவில்லை. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே துணி விரிந்தது.

"அவ்ளோ வேணாம்."

மறுபடி இழுத்தான்.

"கம்மி பண்ணு."

"கம்மியாத்தான் மாஸ்டர் இழுக்கறேன்."

கோதண்டம் நகர்ந்து வந்து அவன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். ஐந்து வருஷம் முன்பு, மூச்சை எங்கே இறக்க வேண்டும் என்று காட்ட, இதே இடத்தில்தான் வைத்திருப்பார். ரத்னா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். சந்திரம்மாள் காபி டம்ளரோடு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"இன்னும் கம்மி," என்றார் கோதண்டம். "இன்னும். டேய், போதும்டா. போதும்."

அவன் எவ்வளவோ முயற்சி பண்ணினான். கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. அப்படியும் அந்த வயிறு, அவர் கைக்குக் கீழே, அவர் பழக்கின மாதிரியே, அடிவரைக்கும் நிறைய நிறைய வாங்கிக்கொண்டிருந்தது.